பஞ்சாமிர்தக் கடைக்காரர் தூண்டில் போட்ட கதை

பழனி, அடிவாரம்.
மாசிக் கிருத்திகைக்கு மறுநாள்.

திண்டுக்கல்லில் சகல சௌபாக்கியங்களோடும் சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருக்கும் என் மைத்துனர் திரு. குழந்தைவேல் அவர்களுக்கு, பழனியிலிருந்து சேனாதிபதி எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் அக்காள் சிவபாக்கியமும் தண்டபாணி கிருபையால் உயிரோடு இருக்கிறோம். தைப்பூசக் கூட்டம் நல்லபடியாகக் கழிந்தது. கடையில் வியாபாரத்துக்குக் குறைவில்லை. தங்கள் மனைவி மக்கள் சுகத்துக்கு ஆண்டவனை வேண்டிக்கொள்கிறோம். தங்கள் சுகத்துக்கு மட்டும் இந்த வாரம் வேண்டிக்கொள்ளவில்லை. உன்னை நான் "அவர்கள்" என்றும் "தாங்கள்" என்றும் எழுதியிருப்பதைப் பார்த்தே நான் எந்த அளவு கோபத்தில் இருக்கிறேன் என்பது உனக்கு விளங்கியிருக்கும். இதை எல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் கேட்டால் நீ நடுவில் பேசுவாய், பேசினால் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், அப்புறம் நான் எதற்குக் கூப்பிட்டேன் என்பதே எனக்கு மறந்துபோகும். கடிதத்தில் அந்தச் சோலி இல்லை. கடைசி வரி வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு இருந்துதான் ஆக வேண்டும்.

நம்ம ஜோதிமணிக்கு மாப்பிள்ளை பார்க்கிற காரியத்தில் நீ தூத்துக்குடிக்குப் போய் ஜாதகம் கொடுத்துவிட்டு வந்தாய். அதற்கு நன்றி. பையன் ஹரிகிருஷ்ணன் தங்கமான பையன். கொடைக்கானலில் பேங்கில் வேலை. நம்ம பிள்ளையும் அங்கேதான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ரெண்டு பேரும் ஏற்கெனவே ஒருத்தரை ஒருத்தர் அறிந்தவர்கள் என்பதும், பிள்ளை அதை முதலில் உன்னிடம்தான் வந்து "மாமா, நீங்கதான் அப்பாகிட்ட பேசணும்" என்று சொல்லியது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெத்த தகப்பன் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிப்போய் மாமன்கிட்டச் சொல்லியிருக்கிறது. சரி, அந்த எரிச்சல் தனி, அதை இதில் கலக்கவில்லை. பையன் வீட்டாரும் நம்ம வகையறாதான். மூணு தலைமுறைக்கு முன்னால் கடலோரம் போய்க் குடியேறி மீனுக்குப் பழகிவிட்டார்கள், நாம் பழகவில்லை, அம்புட்டுத்தான் வித்தியாசம். அதையும் சொல்லி, அவர்களும் சம்மதிச்சு, எல்லாம் கூடி வந்த நேரத்தில், பையனுடைய அப்பா பொன்னுவேல் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "பொண்ணோட அப்பாவுக்குப் பொழுதுபோக்கு என்ன?" இதுதான் கேள்வி. கடை, கோயில், மத்தியானத் தூக்கம் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் உன் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? நீ என்ன சொல்லியிருக்கிறாய்? "எங்க மச்சானுக்கு மீன் பிடிக்கிறதுன்னா உசுரு. கொடைக்கானல் மலையைச் சுத்தி எந்த ஏரியில எந்த மீன் கெடக்குன்னு அவருக்கு அத்துப்படி." அவர் ஆச்சரியப்பட்டு, "சைவம்னீங்களே?" என்று கேட்டதற்கு, "பிடிக்கிறதோட சரி, ஒண்ணைக்கூட வாயில வைக்க மாட்டாரு, அம்புட்டையும் ஊர்சனத்துக்குக் குடுத்துருவாரு" என்றாயாமே? ஏலே குழந்தைவேலு, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

எனக்கு மீனைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் கோயில் குளத்துல பொரி போட்டா மேல வரும், அம்புட்டுத்தான். நம்ம கடைக்குள்ள முட்டை போட்ட கேக்கு ஏறினது கிடையாது. இப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் காலையில தூத்துக்குடியில இருந்து போன். "சம்பந்தி, பங்குனி உத்திரம் கழிஞ்சு நிச்சயம் வெச்சுக்கிடுவோம். அதுக்கு முந்தி நாம ரெண்டு பேரும் மலையில ரெண்டு நாள் தூண்டில் போடணும். எங்க வீட்டு அம்மா ஜாதகத்தைப் பாத்துட்டா. நான் ஜாதகம் பாக்க மாட்டேன். ஒரு மனுசன் பக்கத்துல தூண்டிலைப் போட்டு அரைநாள் ஒக்காந்தா அவன் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரிஞ்சிரும். நீங்களும் தூண்டில்காரர்தானே, உங்களுக்குத் தெரியாததா" அப்படின்னாரு. நான் "ஆமா ஆமா, தெரியாம என்ன"ன்னு சொல்லிட்டு ரிசீவரை வெச்சேன். உங்கக்கா கிட்டச் சொன்னா, "அதுக்கென்ன, ரெண்டு நாள் சமாளிங்க, புள்ள ஆசைப்பட்டுருச்சு"ங்கிறா. சமாளிக்க அது என்ன சமையலா?

சரி, கத்துக்கிடுவோம்னு ஒரு சாயங்காலம் வையாபுரிக் குளத்துக்கரைக்குப் போனேன். அங்க நாலஞ்சு பேர் தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தாங்க. தலையில துண்டைப் போட்டு மூஞ்சியை மறைச்சுக்கிட்டு அவங்களுக்குப் பின்னால நின்னு எப்படிப் பிடிக்கிறாங்க, எப்படி வீசுறாங்கன்னு பாத்தேன். பாத்துக்கிட்டு இருக்கும்போதே முதுகுக்குப் பின்னால ஒரு குரல். "என்ன சேனாதிபதி அண்ணே, இங்க நிக்கிறீங்க?" நம்ம கடைக்குப் பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரரு. மூஞ்சியைத்தான் மறைச்சேனே தவிர, கடைப்பேரு போட்ட துணிப்பையை அக்குள்ல இடுக்கிக்கிட்டு நின்னிருக்கேன். "மீனுக்குப் பொரி போடலாம்னு வந்தேன்"னு சொன்னேன். "பொரி எங்க?"ன்னாரு. ஓடிப்போய் ஒரு பை பொரி வாங்கிட்டு வந்து அவரு முன்னால போட வேண்டியதாப் போச்சு. தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தவங்க என்னை வைஞ்ச வசவு இருக்கே, இந்தச் சம்பந்தமே எனக்கு எதுக்குன்னு தோணுற அளவுக்கு இருந்துச்சு. ஆக நான் கத்துக்கிட்டது எதுவும் இல்ல.

நாளும் வந்துச்சு, அவரும் வந்தாரு. வீட்டம்மாவுக்குக் குளிர் ஒத்துக்காதாம், தனியாத்தான் வந்தாரு. ஆளு நல்ல உசரம், வெயில்ல கறுத்த உடம்பு, துறைமுகத்துல வேலை பாத்து ரிடையர் ஆனவரு. தோள்ல நீளமா ஒரு உறை, அதுக்குள்ள நாலு தூண்டில். கையில ஒரு பெட்டி, அதுக்குள்ள தங்க நகை மாதிரி ஒவ்வொண்ணாப் பிரிச்சு வெச்ச முள்ளு, நூலு, மிதவை, ஈயக்குண்டு. "உங்க சாமானைக் காட்டுங்க"ன்னாரு. நான் பழனி சந்தையில வாங்கின மூங்கில் குச்சியைக் காட்டினேன். ஒரு நிமிசம் பாத்துட்டு, "உண்மையான தூண்டில்காரன் இப்படித்தான் எளிமையா இருப்பான்"னாரு. குழந்தைவேலு, அந்த எடத்துலயே உள்ளதைச் சொல்லியிருக்கணும். சொல்லல. புள்ள முகம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

வாடகை ஜீப்பு பேசி உங்கக்காவையும் ஏத்திக்கிட்டுக் கொடைக்கானல் போய்ச் சேந்தோம். நிச்சயத்துக்கு முந்தி போய் நிக்க வேணாம்னு புள்ளைங்க ரெண்டு பேரு கிட்டயும் சொல்லல. டிரைவர் மாடசாமின்னு ஒருத்தன், நல்ல பய, ஆனா டூரிஸ்ட் ஓட்டி ஓட்டி அவனுக்கு உலகமே வியூ பாயிண்டாத்தான் தெரியும். நான் அவனை ஓரமாக் கூப்பிட்டு, "தம்பி, மீன் பிடிக்கிற எடம் எதெதுன்னு எனக்குத் தெரியாது, ஆனா தெரிஞ்ச மாதிரி நீ கூட்டிட்டுப் போகணும்"னு ரகசியமாச் சொன்னேன். "டோன்ட் ஒர்ரி சார், நம்பர் ஒன் ஸ்பாட் எல்லாம் கவர் பண்ணிரலாம்"னான். மொதல்ல தூண் பாறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். பனிமூட்டம். கீழ தண்ணி இருக்கா, பாதாளமான்னே தெரியல. சம்பந்தி எட்டிப் பாத்துட்டு, "இங்க எங்க மீனு?"ன்னாரு. "தண்ணி இருக்கற எடமாப் போப்பா"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். நேரா வெள்ளி அருவிக்குக் கொண்டுபோயிட்டான். மேல இருந்து தண்ணி தடதடன்னு கொட்டுது, சுத்தியும் குரங்கு. ஒரு குரங்கு சம்பந்தியோட பெட்டியைத் தொறக்கப் பாத்துச்சு. எனக்கு ஒண்ணும் ஓடாம, "மீன் பிடிக்கிறதுக்கு முந்தி ஓடுற தண்ணியைப் பாத்துட்டுப் போறது எங்க பக்கத்து வழக்கம்"னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த மனுசன் அதையும் நம்பி, அருவியைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு. பாவமா இருந்துச்சு.

அப்புறம் ஏரிக்கு வந்தோம். தூண்டில் போட அனுமதிச் சீட்டு எல்லாம் அவரே விசாரிச்சு வாங்கிட்டாரு. படகு, குதிரை, சோளக்கதிரு, பஜ்ஜின்னு சனம் ஒரு பக்கம் கெடக்க, ஆளில்லாத ஒரு மூலையாப் பாத்து ஒக்காந்தோம். அவரு வீசுற அழகே தனி. சுண்டினா நூலு பறந்துபோய்த் தண்ணியில ஒரு சத்தமும் இல்லாம விழுது. நான் என் குச்சியைத் தண்ணியில விட்டுட்டு, கரண்டி பிடிச்சவனாட்டம் ஒக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் கடிக்கல. உங்கக்கா சும்மா இருப்பாளா? தண்ணியைப் பாத்ததும் பையில இருந்து பொரியை எடுத்தா. "மீனுக்கு ஒரு பிடி போட்டாப் புள்ளைக்கு நல்லது"ன்னு சொல்லிக்கிட்டே எங்க மிதவையைச் சுத்தி அள்ளி அள்ளிப் போட்டா. போட்டுட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டா. நானும் பழக்கதோசத்துல எந்திரிச்சு நின்னு கும்பிட்டேன். மீனுங்க திமுதிமுன்னு மேல வந்துச்சு. சம்பந்திக்கு வந்துச்சே சந்தோசம்! "ஆகா, இரை தூவி மீனைக் கூட்டுறது பெரிய வித்தையாச்சே, மதினிக்குக்கூடத் தெரிஞ்சிருக்கே"ன்னாரு. வித்தையாவது வெங்காயமாவது! ஒரு மீனாவது அவரு முள்ளைத் திரும்பிப் பாக்கணுமே. பொரியைத் தின்னுச்சு, வயிறு நிறைஞ்சுச்சு, திரும்பிப் போயிருச்சு. மீன் முள்ளுக்கிட்டப் போகாதது எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு, அதையும் வெளிய காட்டிக்க முடியல. பொழுது சாயுற வரைக்கும் ரெண்டு கிழவனும் காத்துக்கெடந்தோம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த அரைநாள்ல அந்த மனுசன் பேசினது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. தூத்துக்குடியைச் சுத்தி அவரு தூண்டில் போடுற எடத்தை எல்லாம் ஒவ்வொண்ணாச் சொன்னாரு. முயல் தீவுப் பக்கம் கல்லுமேல ஒக்காந்தா பாறை மீன் வருமாம். பழையகாயல் பக்கம் ஆறு கடல்ல சேருற எடத்துல கொடுவா கெடைக்குமாம், ஆனா தண்ணி ஏறுற நேரம் பாத்துப் போகணுமாம், இல்லைன்னா கால் சேத்துல மாட்டிக்குமாம். மகன் சின்னப் பிள்ளையா இருக்கையில தோள்ல தூக்கிட்டுப் போவாராம். "இப்ப அவன் மலைமேல வந்து ஒக்காந்துட்டான், நான் தனியாத்தான் போறேன். மாறுதலுக்கு எழுதிப் போட்டிருக்கான். கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் எங்ககூட வந்துருவாங்க. உங்க பொண்ணுக்குன்னு மாடியில ரூம்பு கட்டியாச்சு, ஜன்னலைத் தொறந்தா கடலு தெரியும்"னாரு. மாறுதல் விசயத்தை நீயும் சொல்லல, அவளும் சொல்லல. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, தூத்துக்குடி என்ன சீமையிலயா இருக்கு? பஸ் ஏறினா ஒருநாள்ல போயிரலாம். கொடைக்கானல்னா சனிக்கிழமை சனிக்கிழமை வந்து கடையில என் பக்கத்துல ஒக்காந்து டப்பாவுக்கு மூடி போட்டுக்கிட்டே பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லுவா, அது இனிமே இல்ல, அம்புட்டுத்தானே. பொண்ணைப் பெத்தவன் எல்லாரும் பாத்ததுதான். நான் அதைப் பத்தி நினைக்கவே இல்ல. அன்னைக்கு ராச்சாப்பாடு இறங்காததுக்குக் காரணம் குளிரு.

மறுநாள் வெள்ளனே அடுக்கத்துப் பக்கம் ஓடையில மீன் இருக்குதுன்னு மாடசாமி யாருகிட்டயோ கேட்டுட்டு வந்தான். ஜீப்பு தட்டுத்தடுமாறிப் போற ரோடு. இறங்கி நடந்தா புல்லு முழுக்க அட்டை. என் கால்ல ஒண்ணு ஏறி, விரல் தண்டி வீங்கிப்போய்த் தொங்குது. நான் கத்தின கத்துல அந்த ஓடையில இருந்த மீனெல்லாம் பெரியகுளத்துக்கே போயிருக்கும். சம்பந்தி உப்பை எடுத்துக்கிட்டு ஓடியாந்தாரு. "உப்பு போட்டாச் செத்துருமே சம்பந்தி, வேணாம்"னேன். "உங்க ரத்தத்தைக் குடிக்குது"ன்னாரு. "குடிச்சு முடிச்சா அதுவா விழுந்துரும், விடுங்க, பசிக்குத்தானே குடிக்குது"ன்னேன். அப்ப அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு பாரு, நாலு தூண்டிலையும் ஒண்ணு சேத்துப் பிடிச்சுக்கிட்டு. நம்ம குட்டு வெளிப்பட்டுருச்சுன்னுதான் நினைச்சேன்.

இனிமே எப்படியாவது ஒரு மீனைப் பிடிச்சுக் காட்டினாத்தான் மானம் நிக்கும்னு, எறங்குற வழியை மாத்தி, தாண்டிக்குடி வழியாப் பெரும்பாறைக்கு விடச்சொன்னேன். நம்ம கடைக்கு மலைவாழை போடுறாரே இராமலிங்கம், அவரு தோட்டத்துல ஒரு குட்டை இருக்கு. கெண்டை வளக்குறாரு. "உங்களுக்கு இல்லாததா, தாராளமாப் பிடிங்க"ன்னு சொல்லிட்டு அவரு பழுக்காத தாரை வெட்டப் போயிட்டாரு. சம்பந்தி கரையில தோண்டி, ஒரு சிரட்டை நிறைய மண்புழு எடுத்து என் கையில குடுத்தாரு. நெளியுது குழந்தைவேலு, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு நெளியுது! இதைப் பிடிச்சு முள்ளுல குத்தணுமாம். அவரு அந்தப் பக்கம் திரும்பின நேரமாப் பாத்து சிரட்டையை அப்படியே வாழை மூட்டுல கவுத்துட்டேன். அப்புறம் முள்ளுல எதைக் குத்துறது? பையில நம்ம வீட்டுக்குன்னு எடுத்து வெச்ச பஞ்சாமிர்த டப்பா இருந்துச்சு. சாமிக்குக் காட்டினது இல்ல, சத்தியமா இல்ல, அந்தப் பாவமும் என்மேல வேணாம். அதுல இருந்து ஒரு பேரீச்சம்பழத் துண்டா எடுத்து, வாழைப்பழமும் வெல்லமும் நெய்யுமா அப்பியிருக்கறதைத் தொடச்சுவிடாம அப்படியே முள்ளுல செருகி, எந்த மீனு இதைத் தின்னப்போகுதுன்னு தைரியமாத் தண்ணியில விட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. ஊரு உலகமே வரிசையில நின்னு வாங்கித் திங்கிற சாமானை மீனு மட்டும் வேணாம்னா சொல்லும்?

தண்ணியில போட்டு ஒரு வெத்தலை போடுற நேரம்கூட ஆகல, குச்சி வில்லா வளைஞ்சிருச்சு. "சம்பந்தி, மாட்டிருச்சு! விடாதீங்க, இழுங்க!"ன்னு அவரு கத்துறாரு. மாடசாமி "சூப்பர் சார், சூப்பர் சார்"னு குதிக்கிறான். உங்கக்கா "முருகா முருகா"ங்கிறா, மீனுக்காகவா எனக்காகவான்னு தெரியல. நான் பயத்துல கண்ணை மூடிக்கிட்டு இழுத்தேன். தொப்புன்னு என் மடியிலயே வந்து விழுந்துச்சு. நல்ல கையகலம், பொன்னு மாதிரி செதிலு. மடியில கெடந்து துடிக்குது. வாயைத் தொறந்து தொறந்து மூடுது. வாய் ஓரத்துல நம்ம பஞ்சாமிர்தம் ஒட்டிக்கிட்டு இருக்கு. குழந்தைவேலு, ஜோதிமணி பொறந்த அன்னைக்கு, அழுகை வர்றதுக்கு முந்தி, இப்படித்தான் வாயைத் தொறந்து தொறந்து மூடினா. எனக்கு அதுக்கு மேல தாங்கல. தோத்துப்போயிட்டேன். "ஐயோ, திங்கிற சாமான்னு நம்பித்தானே வந்துச்சு! என் கையால பஞ்சாமிர்தம் வாங்கித் தின்ன சீவன் ஒண்ணும் இதுவரைக்கும் துடிச்சதில்லையே! கழட்டுங்க சம்பந்தி, முள்ளைக் கழட்டுங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்"னு சின்னப் பிள்ளையாட்டம் அழுதேன். அவரு முள்ளை வலிக்காமக் கழட்டிக் குடுத்தாரு. துண்டுல ஏந்திக்கிட்டு, கட்டின வேட்டியோட இடுப்பளவு தண்ணியில இறங்கி விட்டேன். விட்டதும் அது சட்டுனு போயிருச்சு, நான்தான் சேத்துல வழுக்கி உள்ள போயிட்டேன். மாடசாமியும் அவரும் சேந்து என்னை ஆளுக்கு ஒரு கையாப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டாங்க. அன்னைக்குப் பிடிபட்ட பெரிய மீனு நான்தான்.

கரையில ஒக்காந்து பல்லு தந்தியடிக்க எல்லாத்தையும் சொல்லிட்டேன். "சம்பந்தி, எனக்குத் தூண்டில் எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னுகூடத் தெரியாது. எம் மச்சினன் புளுகுனது. நான் இல்லைன்னு சொல்லியிருக்கணும், புள்ளை ஆசைப்பட்டுருச்சேன்னு பேசாம இருந்துட்டேன். இதுல அவ பேர்ல ஒரு தப்பும் இல்ல. என்னை வெச்சு அவளை எடை போட்டுறாதீங்க"ன்னேன். அந்த மனுசன் கேட்டுக்கிட்டே நூலைச் சுத்தினாரு. முள்ளை ஒவ்வொண்ணாத் தொடச்சுப் பெட்டியில வெச்சாரு. தன் சால்வையை எடுத்து என்மேல போத்தினாரு. ஜீப்புல ஏறினாரு. பெரும்பாறையில இருந்து பழனி வரைக்கும் ஒத்த வார்த்தை இல்ல. மாடசாமிகூட வியூ பாயிண்டு வந்தப்ப வாயைத் தொறக்கல. பழனி பஸ் ஸ்டாண்டுல மதுரை பஸ்ஸுல ஏறினவரு "வாறேன்"னு மட்டும் சொன்னாரு. அதுக்கப்புறம் போன் இல்ல, தகவல் இல்ல. சால்வை இங்கதான் கொடியில கெடக்கு. அதைப் பாக்கும்போதெல்லாம் உங்கக்கா மூக்கை உறிஞ்சுறா.

நேத்து ஜோதிமணிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "ஏன்ப்பா இப்படிப் பண்ணுனீங்க"ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா எனக்குத் தேவலை. "சரிப்பா"ன்னா. அம்புட்டுத்தான். "சளி பிடிச்சிருக்கா, குரலு கட்டியிருக்கே, கசாயம் குடிங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. பழனியில யாரு வந்தாலும் எனக்கு மல்லுக்கு நின்னு பேசத் தெரியும். இந்த "சரிப்பா"வுக்கு என்ன பதில் சொல்லுறதுன்னு எனக்குத் தெரியல குழந்தைவேலு. அந்தப் பையன்மேல அவ எம்புட்டுப் பிரியம் வெச்சிருக்கான்னு அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு விளங்குச்சு. ஒரு மீனை விட்டுட்டு எம் மகளோட சந்தோசத்தையும் சேத்துத் தண்ணியில விட்டுட்டேன்.

ஆகவே, இதனால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பங்குனியில் நிச்சயம் கிடையாது. நீ சொல்லி வைத்திருக்கிற மண்டபத்தை வெரசா வேண்டாம் என்று சொல்லிவிடு. தட்டுக்கு எந்த ஏற்பாடும் செய்யாதே. தூத்துக்குடிக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசுகிறேன் என்று கிளம்பாதே, உன் வாயால் ஆனது போதும். இனி நம்ம வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்தாலும் நீ கூட வரலாம், சாப்பிடலாம், பேசக் கூடாது. என் மூங்கில் குச்சியை பார்சலில் அனுப்புகிறேன். அதை உன் வீட்டு நடுக்கூடத்தில் மாட்டி, பொய் சொல்லத் தோன்றும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொள்.

மற்றபடி உன்மேல் எனக்கு வேறு கோபம் ஒன்றும் இல்லை. உன் வீட்டுக்காரி, தங்கச்சி சுந்தராம்பாளுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? மலைத்தேன் ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைகளை நன்றாகப் படிக்கச் சொல். பழனியாண்டவன் உன் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைத்துக் காப்பாற்றட்டும், உன் நாக்கையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வேட்டியில் சேறு இன்னும் போகாத உன் மச்சான்,
சே. சேனாதிபதி

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கடைப் போன் அடித்தது. தூத்துக்குடி. "சம்பந்தி, சளி பிடிச்சிருக்கா?"ங்கிறதுதான் முதல் வார்த்தை. "உங்களுக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாதுன்னு ஏரிக்கரையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது கெடக்கட்டும். நான் பேசாம வந்தது கோவத்துல இல்ல. ஒரு கெண்டைக்கு இப்படித் துடிச்ச மனுசன், மகளை அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு எப்படி இருப்பாருன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். பேச்சு வரல. ஊருக்கு வந்ததும் மகன்கிட்டப் பேசினேன். எழுதிப் போட்ட மாறுதலை வேண்டாம்னு திரும்ப எழுதிக் குடுத்துட்டான். அது முடியட்டும்னுதான் இத்தனை நாள் போன் பண்ணல. ரெண்டு பேரும் மலையிலேயே இருக்கட்டும். கடலைப் பாக்கணும்னா லீவுக்கு வரட்டும். நிச்சயத்தை நாம பேசினபடியே வெச்சுக்கிடுவோம்"னாரு.

ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. மண்டபத்தை விட்டுறாதே. தட்டுக்கு நீயே முன்னால் நின்னு பழம் வாங்கு. வெள்ளனே வந்து சேரு, வாயையும் கூடவே கொண்டு வா. கடிதத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கலாம், இம்புட்டு எழுதிட்டுக் கிழிக்க மனசு வரல. திட்டினது திட்டினதாவே இருக்கட்டும், அடுத்து நீ செய்யப் போறதுக்கு வெச்சுக்க. ஜோதிமணிக்குச் சேதி சொல்லியாச்சு. இந்தத் தடவை "சரிப்பா"ன்னு சொல்லல, "அப்பா"ன்னு மட்டும்தான் சொன்னா. உங்கக்கா சிரிக்கிறா. நான் பின்கட்டுல பழம் பிசையுற கொப்பரைக்குப் பக்கத்துல வந்து ஒக்காந்துட்டேன். நல்ல சேதிக்கு ஏன் அழுகுறீங்கன்னு அவ அங்க வந்தும் கேக்குறா. வெங்காயம் உரிச்சேன்னு சொல்லலாம்னு பாத்தா, பஞ்சாமிர்தத்துக்கு வெங்காயம் கிடையாதே குழந்தைவேலு.